வாய்மொழித் தேர்வு

"ஐந்தாவது மனுவும் திரும்பி வந்துவிட்டது, மேடம்."

மரியசெல்வம் இதைக் கைகளால் சொன்னார். நாற்பத்தொரு வயது. பிறவியிலேயே காது கேளாதவர். கடற்பாசிகளைப் பற்றி ஆறு வருடம் ஆராய்ந்து ஆய்வேடு கொடுத்திருந்தார்.

மறுநாள் வாய்மொழித் தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது. தேறினால்தான் முனைவர் பட்டம்.

அவருடைய நெறியாளர் ஹெப்சிபா அவரைவிட ஐந்து வயது இளையவர். அவருக்காகவே சைகை மொழி கற்றவர்.

"இந்த முறை என்ன காரணம்?" என்று அவரும் கைகளால் கேட்டார்.

"சைகை மொழிபெயர்ப்பாளர் வைக்க விதியில் இடமில்லையாம். வாய்மொழித் தேர்வு என்றால் வாயால்தான் பேச வேண்டுமாம். முடியாவிட்டால் சீட்டில் எழுதிக் காட்டலாமாம்."

"எழுதப் போகிறீர்களா?"

"ஆறு வருட உழைப்பைத் துண்டுச் சீட்டிலா? சலித்துவிட்டது, மேடம். எனக்குக் காது கேட்காது என்று இன்னும் எத்தனை தடவை நிரூபிப்பது? நீங்களாவது எனக்காகப் பேசக் கூடாதா?"

"தேர்வில் நெறியாளர் வாய் திறக்கக் கூடாது. அதுவும் விதி."

"பிறகு நான் என்னதான் செய்ய?"

"என்னிடம் எப்படிச் சொல்வீர்களோ, அப்படியே சொல்லுங்கள்."

"அவர்களுக்குப் புரியாதே."

"ஆமாம்," என்றார் ஹெப்சிபா.

மறுநாள், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் முதல் கேள்வியைத் தாளில் எழுதி நீட்டினார்.

மரியசெல்வம் படித்தார். பேனாவை மூடி வைத்தார். எழுந்து நின்று கைகளால் பதில் சொல்லத் தொடங்கினார்.

விரல்கள் அலையாயின. ஒரு பாசி பாறையைப் பற்றிக்கொண்டது. நீர் சூடேற, அதன் பிடி தளர்ந்தது.

அதற்குப் பிறகு கைகள் வேகமெடுத்தன. தேர்வாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஓரமாக உட்கார்ந்திருந்த ஹெப்சிபா தலையாட்டினார். ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன சொல்கிறார்?" என்றார் தேர்வாளர்.

"பேச எனக்கு அனுமதி இல்லை, சார்."

தேர்வாளர் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார். நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். அந்தக் கைகள் நிற்கவில்லை.

கடைசியில் தேர்வு அலுவலரைக் கூப்பிட்டனுப்பினார்.

"உடனே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்."

அலுவலர் அலுத்துக்கொண்டார். "எழுதிக் காட்டத்தான் அனுமதி கொடுத்திருக்கிறோமே, சார். இன்னும் என்ன வேண்டுமாம் அவருக்கு?"

"அவருக்கு இல்லை," என்றார் தேர்வாளர். "எனக்கு."