மூட்டம் காத்த மூன்று பெண்கள்

மலைகள் இன்னும் கொஞ்சம் உயரமாகவும், மனிதர்கள் இன்னும் கொஞ்சம் அருகருகாகவும் இருந்த காலம் அது. வேலங்காட்டு ஓரத்தில் கரி சுட்டுப் பிழைக்கும் சிற்றூர் ஒன்று. அங்கே சடைச்சி என்றொரு பெண். கேளுங்கள், அவள் கதை இது.

விறகை அடுக்கி, தழை போட்டு, மேலே மண் பூசி, உள்ளே தீ வைப்பார்கள். அதுதான் மூட்டம். அது ஆறும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். மண் வெடித்தால் உடனே பூச வேண்டும். கண் அசந்தால் காற்று உள்ளே புகுந்து அத்தனையும் சாம்பல். பிள்ளைகளுக்கும் அதே காவல்தான். அந்த ஊருக்குப் படிப்பு எங்கிருந்து வரும்?

சடைச்சிக்கோ படிப்பென்றால் உயிர். ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளி. இந்தப் பக்கம் இருமிக்கொண்டே விறகு வெட்டும் அம்மா. மூட்டத்தை யாரிடம் விட்டுப் போவாள்?

பக்கத்து மூட்டங்களில் மூன்று பெண்கள் இருந்தார்கள். எதற்கும் சிரிக்கிற பேச்சி. எதையும் ஒத்துக்கொள்ளாத இருளாயி. காது மந்தமான முத்தக்காள்.

"போயிட்டு வாடி. எங்க மூட்டத்தோட உன்னுதையும் பாத்துக்கிறோம்" என்றாள் பேச்சி.

"சும்மா இல்ல. அங்க என்ன சொன்னாங்கன்னு சாயங்காலம் எங்களுக்குச் சொல்லணும்" என்றாள் இருளாயி.

"சத்தமாச் சொல்லணும்" என்றாள் முத்தக்காள்.

அப்படியே நடந்தது. சாயங்காலமானால் நால்வரும் மூட்டத்தைச் சுற்றி உட்காருவார்கள். சுவையாகச் சொல்லாவிட்டால் பேச்சி கொட்டாவி விடுவாள். காரணம் சொல்லாவிட்டால் இருளாயி விட மாட்டாள். நிறுத்திச் சொல்லாவிட்டால் முத்தக்காள், "என்ன? என்ன?" என்பாள்.

ஒருநாள் சடைச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. "படிக்கிறதுகூடச் சுலபம் அத்தை. உங்களுக்குச் சொல்றதுதான் கஷ்டம்."

"ஏன், நாங்க என்ன கரிக்கட்டையா?" என்றாள் இருளாயி.

"கரிக்கட்டையாவது ஊதினாப் பத்திக்குமே!"

பேச்சி சிரித்த சிரிப்பில் இருளாயிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இனி கிடைக்குமா அந்தச் சாயங்காலங்கள்?

வருடங்கள் ஓடின. அம்மாவின் இருமல் முற்றியது. புகையை விட்டுப் போனால்தான் பிழைப்பாள் என்றார் வைத்தியர். போக வேறு இடம் ஏது? அப்போதுதான் அரண்மனைக் கல்விச்சாலைக்கு ஆசான் வேண்டுமென்று முரசு அறைந்தார்கள். ஆசானாக வருபவருக்கு ஒரு வீடும் ஆண்டு முழுக்க நெல்லும் உண்டாம். சடைச்சி கிளம்பினாள்.

அவள் அரண்மனையை அடைந்த அன்று, மறுநாள் சூரிய கிரகணம் என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்தது. கடை அடைத்தார்கள். நாற்றை நடாமல் வரப்பில் போட்டுவிட்டு ஓடிவந்து அரண்மனை முற்றத்தில் கூடினார்கள். "இவர்கள் பயத்தைப் போக்குகிறவருக்கே ஆசான் இருக்கை" என்றான் அரசன்.

முதல் பண்டிதர் பாட்டாகப் பாடினார். ஜனங்கள் தூங்கி வழிந்தார்கள். இரண்டாம் பண்டிதர், "மூடர்களே!" என்று ஆரம்பித்தார். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

மூன்றாவதாக எழுந்தாள் சடைச்சி. "கரிக்காரியா!" என்று ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தார். ஒரு கிழவர் காதோரம் கையைக் குவித்தார். சடைச்சிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அட, எல்லாம் நம்ம ஆட்கள்தான்!

மடியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தாள். சத்தமாக, நிறுத்திச் சொன்னாள்.

"தாத்தா, ஒரு கண்ணை மூடிக்குங்க. இதை இன்னொரு கண்ணுகிட்ட வச்சு அந்தக் கோபுரத்தைப் பாருங்க. தெரியுதா?"

"தெரியலையே!"

"ஐயோ, கோபுரத்தை யாரு முழுங்கினா?"

கூட்டம் சிரித்தது.

"நாளைக்குச் சூரியனுக்குக் குறுக்க நிலா வரும். பாம்புமில்ல, சாபமுமில்ல. நிலா நகந்ததும் பழைய வெயில்தான்."

கை கட்டியவர் விடவில்லை. "இத்தினியூண்டு நிலா, அத்தாம்பெரிய சூரியனை எப்படி மறைக்கும்?"

என்றைக்கோ இருளாயி கேட்ட அதே கேள்வி. சடைச்சி புன்னகைத்தாள். "இத்தினியூண்டு கரி, அத்தாம்பெரிய கோபுரத்தை மறைச்சுதே மாமா?"

அவர் கட்டிய கையை அவிழ்த்தார்.

மறுநாள் சூரியன் மறைந்தது, திரும்பியது. ஜனங்கள் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உன் ஆசான் யார், பெண்ணே?" என்று கேட்டான் அரசன்.

"எழுத்தைத் தந்தவர் ஓடைக்கரைப் பள்ளி ஆசான், அரசே. அதைப் பிறருக்குச் சொல்லவைத்தவர்கள் மூன்று பெண்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது."

அம்மா புதுவீட்டுக்கு வந்தாள். இருமல் மெல்ல அடங்கியது. ஆனால் கல்விச்சாலையில் மாணவர்கள் அவள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார்கள். சிரிக்கவும் ஆளில்லை, மறுக்கவும் ஆளில்லை, "என்ன? என்ன?" என்று கேட்கவும் ஆளில்லை. சடைச்சிக்கு அந்த அமைதி தாங்கவில்லை.

அடுத்த அறுவடை முடிந்ததும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வேலங்காட்டுக்கு நடந்தாள். மூட்டத்தைச் சுற்றி, அந்த மூன்று பெண்களின் எதிரே அவர்களை உட்கார வைத்தாள்.

"இப்ப இவங்களுக்குச் சொல்லுங்க, பாப்போம்" என்றாள்.

பேச்சி அதற்குள் சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

ஆகவே கேட்டவர்களே, தாம் படிக்க வழிவிட்டவர்களுக்குப் படித்ததைத் திருப்பிச் சொல்கிறவர்களிடமே கல்வி தங்கும்.