இரண்டு காடுகளுக்கு ஒரு வாரிசு

பைன் காட்டு ஓநாய்களுக்கும் ஓக் காட்டு ஓநாய்களுக்கும் நடுவே ஓர் ஆறு ஓடியது. கோடையில் ஆறு அவர்களைப் பிரித்து வைத்தது. குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும், மான்கள் அதன்மேல் நடந்து அக்கரை போகும். எந்தக் கரையில் மான் விழுந்தாலும் மறுகரை ஓநாய்கள் "அது எங்கள் மான்" என்று பாய்ந்து வருவார்கள். குளிர்காலம் வந்தாலே ஆற்றுப் பனி சிவந்துவிடும்.

கடைசியில் இரண்டு அரசர்களும் களைத்துப் போனார்கள். பைன் காட்டு அரசர் தன் மகள் மென்செவியை ஓக் காட்டு இளவரசன் கருமுதுகனுக்குக் கட்டிக்கொடுத்தார்.

"இனி நாம் சம்பந்திகள். சம்பந்திக்குள் சண்டை எதற்கு?" என்று இரு கிழவர்களும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டார்கள்.

மென்செவி மட்டும் அருகே வரவில்லை. மாப்பிள்ளையை அவள் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தாள். அன்றைக்கு அவன் பல்லிடுக்கில் அவளுடைய சித்தப்பாவின் ரோமம் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் கருமுதுகன் கெட்ட கணவனாக இல்லை. வேட்டையில் கிடைத்த ஈரலை அவளுக்கு ஒதுக்கினான். குளிர்காற்று வீசும் பக்கம் தான் படுத்துக்கொண்டு அவளை உள்ளே படுக்கவைத்தான். அவன் தந்தை இறந்தபின் அவன் அரசன் ஆனான், அவள் ராணி ஆனாள். அவளுக்குப் பிறந்த குட்டிகளில் ஒன்று பிழைத்தது. பனிமூக்கன் என்று பெயர் வைத்தார்கள். ஆற்றின் இரு கரையிலும் ஓநாய்கள் பயமில்லாமல் தண்ணீர் குடித்தார்கள்.

பிறகு ஒரு பின்பனிக் காலத்தில் பைன் காட்டு அரசர் இறந்துபோனார். அவர் மகன் வெண்மார்பன், மென்செவியின் அண்ணன், அரசனானான். அவனுக்கு ஒரு கால் ஊனம். குட்டிகளும் இல்லை.

அந்த வாரமே ஒரு நரி கருமுதுகனைத் தேடி வந்தது. ஓநாய்கள் சண்டையிட்டு மடியும் இடங்களில் மிச்சத்தைத் தின்று கொழுத்த நரி அது. சமாதானம் வந்தபின் அதன் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன.

"அரசே, ஒரு சின்னச் சந்தேகம்" என்றது நரி. "பைன் காட்டுப் பெரியவரின் மகள் உங்கள் ராணி. அவருக்கு இருக்கும் ஒரே பேரன் உங்கள் பிள்ளை. அந்தக் காட்டில் ஒரு நொண்டி ஏன் உட்கார்ந்திருக்கிறான்?"

குகைக்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மென்செவியின் காதுகள் விறைத்தன. கணவன் நரியைத் துரத்திவிடுவான் என்று காத்திருந்தாள்.

"மேலே சொல்" என்றான் கருமுதுகன்.

நரி போனதும் அவள் வெளியே வந்தாள்.

"என்னை உங்களுக்குக் கொடுத்ததே சண்டை வேண்டாம் என்றுதான்" என்றாள்.

"சண்டைக்கு யார் போகிறார்கள்? நம் பிள்ளைக்குச் சேர வேண்டியதைத்தான் கேட்கப்போகிறேன்."

"அண்ணன் கொடுக்கமாட்டான்."

"என் தங்கையைக் கட்டிய மலைக்காட்டு அரசனுக்கு ஆள் அனுப்புகிறேன். அவன் வந்து நின்றால் உன் அண்ணன் கொடுப்பான்."

மென்செவி மனதுக்குள் கணக்குப் போட்டாள். அண்ணன் மனைவி ஏரிக்காட்டு அரசரின் மகள். மலைக்காடு இந்தப் பக்கம் வந்தால் ஏரிக்காடு அந்தப் பக்கம் வரும். சமாதானத்துக்காகச் செய்த கல்யாணம் ஒவ்வொன்றும் இப்போது ஒரு காட்டையே சண்டைக்கு இழுத்துவரப் போகிறது.

மறுநாள் காலை பிள்ளையை ஒரு மூத்த செவிலியிடம் விட்டுவிட்டு அவள் ஆற்றைக் கடந்தாள். குளிர்காலம் முடியும் தறுவாய். காலடியில் பனிக்கட்டி முனகியது.

வெண்மார்பன் அவளைப் பார்த்ததும் நொண்டிக்கொண்டே ஓடி வந்தான்.

"இளைத்துவிட்டாயே தங்கச்சி. மருமகன் எப்படி இருக்கிறான்?"

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவில்லை. எல்லாம் முன்பே தெரிந்தவன்போல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இதற்கு ஒரே வழிதான் இருக்கிறது" என்றான். "எனக்கு வாரிசு இல்லை. பனிமூக்கனை இங்கே கொண்டுவந்து விடு. நானே வளர்க்கிறேன். எனக்குப் பிறகு அவன்தான் அரசன். சண்டைக்கே இடமில்லை."

மென்செவியின் நெஞ்சு ஒரு கணம் லேசானது. அப்போதுதான் அண்ணனுக்குப் பின்னால் இருந்த புதரை அவள் கவனித்தாள். இலைகளுக்கிடையே ஒரு சிவப்பு வால் மெல்ல உள்ளே மறைந்தது.

அவள் அண்ணன் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

"அண்ணா, என் கண்ணைப் பார்த்துச் சொல். பிள்ளை இங்கே வந்தால் உயிரோடு இருப்பானா?"

வெண்மார்பன் தன் ஊனக் காலை நக்கத் தொடங்கினான். நக்கிக்கொண்டே இருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

மென்செவி திரும்பி நடந்தாள். அவன் பின்னாலிருந்து அழைத்தான். அவள் நிற்கவில்லை.

அடுத்த சில நாட்களில் மலைக்காட்டு ஓநாய்கள் சாரிசாரியாக வந்து ஓக் கரையில் இறங்கினார்கள். எதிரே பைன் கரை முழுவதும் ஏரிக்காட்டு ஓநாய்களின் சாம்பல் முதுகுகள். ஒருநாள் சூரியன் எழும்போது இரு படைகளும் ஆற்றின் இரு விளிம்பிலும் வந்து நின்றன. இரு கரையிலும் உறுமல் ஏறிக்கொண்டே போனது.

அப்போது மென்செவி பிள்ளையின் பிடரியைக் கவ்விக்கொண்டு பனிக்கட்டிமேல் இறங்கினாள்.

"திரும்பி வா, மென்செவி. கட்டி மெலிந்திருக்கிறது" என்று கருமுதுகன் கத்தினான்.

அவள் ஆற்றின் நடுவுக்குப் போய்ப் பிள்ளையை இறக்கிவிட்டாள். கட்டியில் ஒரு விரிசல் நீளமாக ஓடிய சத்தம் இரு கரைக்கும் கேட்டது. உறுமல் நின்றது.

"இவனுக்காகத்தானே இந்தச் சண்டை? எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள். "என் அப்பாவின் காடு என் அண்ணனுடையது. அதில் எனக்குப் பங்கு வேண்டாம். என் பிள்ளைக்கும் வேண்டாம். பெற்ற தாய் நான் சொல்கிறேன். இதற்குமேல் யார் ஆற்றைக் கடந்தாலும் அது என் பிள்ளைக்காக இல்லை. தன் பசிக்காக என்று தெரிந்தே கடக்கட்டும்."

மலைக்காட்டு அரசன் கருமுதுகன் பக்கம் திரும்பினான்.

"மைத்துனரே, குழந்தையின் உரிமை என்று சொல்லித்தான் என்னை அழைத்தீர்கள். தாயே வேண்டாம் என்கிறாள். அப்புறம் என் பிள்ளைகள் எதற்குச் சாக வேண்டும்?"

அவன் தன் கூட்டத்தோடு மலையேறினான். அதைப் பார்த்த ஏரிக்காட்டு அரசரும் தன் படையோடு திரும்பிப் போனார். துணை போனபின் இரு அரசர்களுக்கும் தனியாக மோதும் துணிச்சல் இல்லை.

"எல்லாம் அந்த நரியின் வேலை" என்றான் கருமுதுகன். "ஆமாம், நரிதான் என் காதையும் கடித்தது" என்று எதிர்க்கரையிலிருந்து வெண்மார்பன் சொன்னான். பல நாட்களுக்குப் பின் இருவரும் ஒத்துப்போனது அதில்தான். நரி எப்போதோ ஓடிவிட்டிருந்தது.

"நரி பேசியது வாஸ்தவம்தான்" என்றாள் மென்செவி. "அதன் பேச்சு இனித்தது உங்களுக்கல்லவா?"

கருமுதுகன் தலை குனிந்தான். "போனது போகட்டும். வீட்டுக்கு வா" என்றான். அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அது அவளுக்குத் தெரிந்தது.

"உங்கள் கரைக்கு வந்தால் இவன் உங்கள் படையெடுப்புக்குச் சாக்கு. அண்ணன் கரைக்குப் போனால் இவன் உயிருக்கே உலை. எந்தக் கரையை நான் வீடு என்று சொல்லட்டும்?"

அவள் பிள்ளையைக் கவ்விக்கொண்டு ஆற்றுப் பனிமேலேயே நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்தாள், அரசனே இல்லாத வெறும் குன்றுகளை நோக்கி. பின்னால் அவள் மிதித்த கட்டிகள் ஒவ்வொன்றாக உடைந்து தண்ணீர் தெரிந்தது. இரண்டு அரசர்களும் இரண்டு கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்தொடர யாருக்கும் வழியில்லை.

மனதில் பேராசையை வைத்துக்கொண்டு கல்யாணத்தால் சமாதானம் தேடினால், அந்தக் கல்யாணமே அடுத்த சண்டைக்குக் காரணமாகிவிடும்.