பழைய மானிட்டரின் கறை

“மனசு இன்னும் ஆறலை மேடம். ஆறினதும் போய்ப் பார்க்கறேன்” என்றார் தணிகாசலம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தவர். கற்றுக்கொடுக்கும் எஸ்தருக்கு அவரைவிடப் பதினெட்டு வயது குறைவு. படங்களுக்கும் தொடர்களுக்கும் பழைய கம்ப்யூட்டர்களைத் தயார் செய்து அனுப்புவது எஸ்தரின் தொழில். பட்டறை பல்லாவரத்தில், ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில். தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் திருகாணி டப்பா நடுங்கும்.

“பொண்ணுக்கு எத்தனை மணிக்கு ஃப்ளைட்?”

“அஞ்சுக்கு. கனடாவுக்கே போறாளாம். இனிமே வரமாட்டாளாம். ஏர்போர்ட்டுக்கு ஒரு தடவை வந்துட்டுப் போப்பாங்கறா.”

“ஒன்பது வருஷம் ஆச்சே சார்.”

“என்னைக் கேட்காம கல்யாணம் பண்ணிக்கிட்டவ. விடுங்க. ஏதாவது வேலை குடுங்க.”

எஸ்தர் மேசையில் இருந்த ஒரு மானிட்டரைக் காட்டினார்.

ஒரு சிற்றூருக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த கதையைச் சொல்லும் தொடருக்கு அது போகவேண்டும். காட்சியில் அன்றுதான் அது பெட்டியிலிருந்து வெளியே வருகிறது.

“புத்தம் புதுசா இருக்கணுமாம். கறை போகுதான்னு பாருங்க.”

கண்ணாடியில் மங்கலாக இரண்டு ஆங்கிலச் சொற்கள். ப்ளீஸ் வெயிட்.

தணிகாசலம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பற்பசை வைத்துத் தேய்த்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

“சார், மணி ரெண்டு.”

“இதை முடிச்சுடறேன்.”

“சார், மூணரை.”

“கொஞ்சம் இருங்க மேடம்!”

எஸ்தர் அதன்பின் மணி சொல்லவில்லை.

அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கை நின்றது.

“கறை வெளியே இல்லை. உள்ள இருக்கு.”

“உள்ளதான் சார். ஏதோ ஆபீஸ்ல, இந்த எழுத்தோட இது நின்னுபோச்சு. அப்புறம் பார்த்துக்கலாம்னு அப்படியே எரிய விட்டுட்டாங்க. ஓடின எழுத்து எதுவும் தங்கலை. நின்னது கருகிப்போச்சு.”

திருகாணி டப்பா நடுங்கியது. விமானம் தாழ்வாக, நீளமாகக் கடந்து போனது.

தணிகாசலம் மேலே பார்க்கவில்லை. ஐந்தைத் தாண்டியிருந்த சுவர்க் கடிகாரத்தையும் பார்க்கவில்லை.

சத்தம் அடங்கியது. கண்ணாடியில் அவர் முகம். அதன்மேல் அந்த இரண்டு சொற்கள்.

“மேடம், இதை ஆஃப் பண்ணிடுங்க. பார்க்க முடியலை.”

எஸ்தர் மேசைக்கடியிலிருந்து மானிட்டரின் ஒயரை எடுத்து, எதிலும் சொருகாத அதன் முனையை அவரிடம் காட்டினார்.

“முப்பது வருஷமா ஆஃப்லதான் சார் இருக்கு.”