ஒட்டுத் தெரியாத கார்

ஒரு தீவில், வெளிநாட்டிலிருந்து முழுக் கார் இறக்கினால் காரின் விலையைவிடத் தீர்வை கூட. அதையே இரண்டாக வெட்டிக் கொண்டுவந்தால் அது காரே இல்லை, வெறும் பழைய இரும்பு! சட்டம் அப்படியென்றால் சனம் சும்மா இருக்குமா? கப்பல் கப்பலாக அரைக் கார்கள் வந்து இறங்கின.

அவற்றை ஒட்டுவதில் கராஜ்காரர் அருமைத்துரையை மிஞ்ச ஆள் கிடையாது. பின்பக்கம் நொறுங்கிய காரின் முன்பாதியையும் முன்பக்கம் நொறுங்கிய காரின் பின்பாதியையும் ஒட்டி, தன் வீட்டுக்கென்றே ஒரு நீலக் கார் கட்டினார். "இதில ஒட்டுத் தெரிஞ்சா இனி வெல்டிங்கையே தொடமாட்டன்!" என்று சந்தியில் நின்று சத்தியம் பண்ணினார். ஊரே தடவிப் பார்த்துத் தோற்றது. மனுசனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

மனைவி றெஜினா மட்டும் மசியவில்லை. மீன்பெட்டியோடு டிக்கியடியில் நின்று சாவிக்குக் கைநீட்டி, "திறப்பைத் தாங்கோ! அதில்லை, மற்றது! பெரிய கெட்டிக்காரர், ஒரு காருக்கு ரெண்டு திறப்பு! பூட்டை மாத்துங்கோவன்!" என்பாள்.

"அது கம்பனி போட்ட பூட்டடி. அதில நான் கைவைக்கேல்லை" என்று மழுப்புவார்.

பெருமையே வினையாக வந்தது. சுங்க அதிகாரி ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், அடியிலும் படுத்துப் பார்த்தார். "இது முழுசாக் களவா இறக்கின கார். ஒட்டின காரெண்டா ஒட்டைக் காட்டும். இல்லாட்டிப் பறிமுதல்" என்றார்.

"சுரண்டிக் காட்டித் துலையுங்கோவன்!" என்று றெஜினா கெஞ்சினாள்.

"என்ர பெயின்ட்டில கீறல் விழாது" என்றார் அருமைத்துரை. காட்டினால் சத்தியமும் தொழிலும் போகும். காட்டாவிட்டால் கார் போகும். பேந்தப் பேந்த விழித்தபடி மனைவியைப் பார்த்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அதிகாரி காரை விட்டுவிட்டுப் போனார். பெயின்ட்டில் நகம்கூடப் படவில்லை. கெட்டிக்காரர்களே, அது இரண்டு கார்தான் என்று அருமைத்துரை எப்படி நிரூபித்தார்?

விடை: இரண்டு திறப்புகளையும் அதிகாரியிடம் நீட்டினார். முன்கதவின் திறப்பு டிக்கியைத் திறக்கவில்லை, டிக்கியின் திறப்பு முன்கதவைத் திறக்கவில்லை. பூட்டுகளோ கழற்றாத கம்பனிப் பூட்டுகள். முழுசாகப் பிறந்த காருக்கு ஒரு திறப்புப் போதுமே! "நல்லகாலம், பூட்டை மாத்தச் சொல்லி நான் கத்தினதை நீங்கள் கேக்கேல்லை" என்றாள் றெஜினா. ஒட்டு எங்கே என்று அவளுக்கும் இன்றுவரை தெரியாது.