கிளைக்கு மாட்டின முகமூடி

மலையடிக் காட்டுல பூச்சியப்பன்னு ஒரு கரடி இருந்தான். பாறையில ஏறித் தேன் எடுக்கிறதுதான் அவன் வேலை. போன வருஷம் தேனீ கொட்டி இடது கண்ணு போயிடுச்சு. மிச்சம் இருந்தது வலது கண்ணு ஒண்ணுதான்.

இந்த வருஷமும் தேன் முத்திடுச்சு. கரடி கிளம்பினான். அவன் பொண்டாட்டி காத்தாயி குறுக்க வந்து நின்னா. நிறைமாசம். முதல்ல வயிறு வந்து நின்னுச்சு, அப்புறம் அவ வந்து நின்னா.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"தேனுக்குப் புள்ள. பிரசவம் ஆனா உனக்குத் தெம்பு வேணாமா?"

"தெம்பு கெடக்கட்டும். பொறக்கப் போற குட்டி மூஞ்சியப் பார்க்க உங்களுக்கு ஒரு கண்ணாவது வேணாமா? மூஞ்சிக்கு எதையாவது மாட்டாம பாறை பக்கம் போனீங்க, திரும்பிக் குகைக்கு வராதீங்க."

கரடி நேரா நரி சடையன்கிட்ட போனான். காட்டுல எது வேணும்னாலும் சடையன்கிட்ட இருக்கும். யாருக்கும் வேணாததும் இருக்கும்.

"தேனீ கொட்டாம இருக்கிறதுக்கு ஏதாவது குடுய்யா."

நரி ஒரு காஞ்ச சுரைக்குடுக்கையை எடுத்துக் கரடி தலையில கவுத்தான். மேல தட்டிக் காட்டினான். டொக்கு, டொக்கு.

"கேட்டியா சத்தத்தை? யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

"பாறையில யானை எங்கய்யா இருக்கு? தேனீல்ல இருக்கு."

"யானை பெருசா, தேனீ பெருசா?"

கரடி கொஞ்ச நேரம் யோசிச்சான். "யானைதான்."

"பெருசுக்கே தாங்குது. சின்னதுக்குத் தாங்காதா?"

கரடிக்கு அதுல ஒரு குத்தமும் தெரியல. குடுக்கையோட கிளம்பிட்டான்.

பாறைக்குப் பாதி வழியிலேயே ஒத்தைத் தேனீ ஒண்ணு வந்துச்சு. மூஞ்சியச் சுத்திப் பார்த்துச்சு. காதோரமா குடுக்கைக்குள்ள பூந்துச்சு. பூந்ததுக்கு வெளிய வர வழி தெரியல. ஙொய்ய்ய்ங்... குடுக்கைக்குள்ள அது நூறு தேனீ சத்தமா கேட்டுச்சு. கரடி குய்யோ முறையோன்னு ஓடி ஒரு மரத்துல போய் முட்டினான். டொக்கு! குடுக்கை உடையல. நரி சொன்னதுல அது ஒண்ணுதான் நிஜம்.

"யோவ், என்னைய வெளிய விடுய்யா," உள்ள இருந்து தேனீ கத்துச்சு. "எனக்குக் காது அடைக்குது."

கரடி குடுக்கையைக் கழட்டி வீசிட்டு, ஓடைக்கரை ஈச்ச மரத்துக்குப் போனான். அங்க தூக்கணாங்குருவி கூடு பின்னிக்கிட்டு இருந்துச்சு.

"தம்பி, எனக்கு ஒரு கவசம் வேணும்."

"வாங்கண்ணே. என்ன வேலைக்கு?"

"தேன் எடுக்க."

"எது வந்து தாக்கும்? எங்க தாக்கும்?"

"தேனீ. மூஞ்சியிலதான் வந்து மொய்க்கும்."

"அப்ப மூஞ்சியக் காட்டுங்க."

குருவி ஒரு புல்லை வெச்சு நெத்தியில இருந்து மூக்கு நுனி வரைக்கும் அளந்துச்சு. புல்லு பத்தல. இன்னொரு புல்லை முடிச்சுப் போட்டு நீட்டுச்சு.

"அண்ணே, எல்லாருக்கும் ஒரே அளவுன்னு நான் பின்னினா உங்க மூக்கு வெளிய நிக்கும். முதல் கொட்டு அங்கதான் விழும்."

ரெண்டு நாள் உக்காந்து பின்னுச்சு. கண்ணு தெரியணும், மூச்சு விடணும், தேனீ மட்டும் நுழையக் கூடாது. அப்படி ஒரு வலை முகமூடி. கழுத்துக்கிட்ட ரெண்டு கயிறு.

"இந்தக் கயித்தை இறுக்கிக் கட்டுங்க. இல்லாட்டி கீழ வழியா பூந்துடும். ஏறுறதுக்கு முன்னாடி கட்டணும், எறங்கின பிறகு அவுக்கணும். அவ்வளவுதான் விஷயம்."

முகமூடி வீட்டுக்கு வந்ததும் காத்தாயி அதுக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வெச்சு, எலுமிச்சம்பழம் கட்டிச் சூடம் காட்டினா. கரடி அதை மாட்டிக்கிட்டு ஓடைக்குப் போய்த் தண்ணியில அழகு பார்த்தான். தூங்கும்போதும் மாட்டிக்கிட்டான். முயல் வீட்டுக் கல்யாணத்துக்கும் மாட்டிக்கிட்டுப் போனான். பந்தியில பாயசம் வெச்சாங்க. முகமூடியில பட்டுடும்னு குடிக்காமலே எந்திரிச்சிட்டான்.

மறுநாள் பாறைக்குப் போனான். ஏறப் போற நேரத்துல ஒரு யோசனை வந்துச்சு.

"தேன் சொட்டினா ஒட்டிக்கும். கல்லு உரசினா நாரு பிஞ்சிடும். எம்புட்டு அழகா பின்னியிருக்கான்!"

முகமூடியக் கழட்டினான். ஒரு கொன்னை மரக் கிளையில மாட்டி, ரெண்டு கயித்தையும் இறுக்கிக் கட்டினான். "பத்திரமா இருடா தங்கம்"னு சொல்லிட்டு மேல ஏறினான்.

கூட்டுக்குக் காவல் நின்ன தேனீ எட்டிப் பார்த்துச்சு.

"அடியே, இவன் போன வருஷம் வந்தவன்தானே?"

"ஆமாக்கா. இடது பக்கம் அப்பவே முடிச்சாச்சு."

"அப்ப வலது பக்கத்துக்கு வாங்கடி."

ஏற அரை நாள் ஆன பாறையில இருந்து கரடி அரை நிமிஷத்துல எறங்கினான். மூஞ்சி பலாப்பழம் ஆயிடுச்சு. வலது கண்ணு இருந்த இடமே தெரியல. தடவித் தடவி வீட்டுக்கு வந்தான். வழியில ஒரு ஆலமரத்துல இடிச்சு, "மன்னிச்சுக்குங்க யானை மாமா"ன்னு கும்பிட்டான்.

அன்னைக்குச் சாயங்காலமே காத்தாயிக்குக் குட்டி பொறந்துச்சு. கரடி கையில வாங்கித் தடவிப் பார்த்தான். மூக்கு இருந்துச்சு. காது இருந்துச்சு. பார்க்கத்தான் முடியல.

சேதி கேட்டு நரி வந்தான்.

"சடையா, குட்டி எப்படிய்யா இருக்கு?"

"உன்னை மாதிரியே இருக்கு. வீக்கம்தான் இல்ல."

கரடிக்குச் சிரிப்பு வரல. ஒரு நாள் போச்சு, ரெண்டு நாள் போச்சு, மூணு நாளும் போச்சு. கண்ணு தொறக்கல. காத்தாயி பச்சிலை அரைச்சுப் பத்துப் போட்டா. வாய் நிறைய திட்டு வெச்சிருந்தா. அவன் குட்டியக் கீழ விடாம வெச்சிருந்ததைப் பார்த்துட்டு அத்தனையையும் முழுங்கிட்டா.

நாலாம் நாள் காலையில இமையில சின்னதா ஒரு கீத்து விட்டுச்சு. அந்தக் கீத்து வழியா ஒரு கறுப்பு மூக்கு தெரிஞ்சுது. குட்டி கொட்டாவி விட்டுச்சு. கரடி ஓன்னு அழுதான்.

அப்ப தூக்கணாங்குருவி, கொன்னை மரக் கிளையில கெடந்த முகமூடிய அவுத்துத் தூக்கிக்கிட்டு வந்துச்சு.

"தம்பி, முகமூடி எப்படி இருக்கு?"

"புதுசாவே இருக்குண்ணே. நான் பின்னினது உங்க மூஞ்சிக்கு. நீங்க மாட்டினது கிளைக்கு. அந்தக் கிளைய ஒரு தேனீயும் தொடல, சௌக்கியமா இருக்கு."

வீக்கம் வத்தினதும் கரடி மறுபடியும் பாறைக்குப் போனான். இந்தத் தடவை கயித்தைக் கட்டினான். கட்டினதை இழுத்துப் பார்த்தான். அப்புறம்தான் ஏறினான்.

திரும்பி வந்தப்ப முகமூடி முழுக்கத் தேன், சருகு, மண்ணு. வெளியில பதினோரு கொடுக்கு குத்திக்கிட்டு நின்னுச்சு. ஒரு ஓரம் பிஞ்சிருந்துச்சு.

"சீ, என்ன கோலம் இது?"ன்னு காத்தாயி மூக்கைச் சுளிச்சா.

குட்டி யாரோ பூச்சாண்டின்னு நெனச்சு வீல்னு கத்துச்சு. கரடி கயித்தை அவுத்தான். உள்ள இருந்த ஒத்தைக் கண்ணு குட்டியப் பார்த்துச்சு. குட்டி அழுகைய நிறுத்திட்டுத் தேனை நக்க ஆரம்பிச்சுது. கரடி, பிஞ்ச ஓரத்தைச் சரி பண்ண அப்பவே குருவிகிட்ட கிளம்பிட்டான்.

எந்த வேலைக்கு எது காக்குமோ அதைப் பார்த்து வாங்கணும், வாங்கினதை வேலை செய்யும்போது போட்டுக்கணும். அழுக்காகும்னு கழட்டி வெச்சா கவசம் பொழைச்சுக்கும், நாமதான் பொழைக்க மாட்டோம்.