தானாக வந்த மீன்கள்

வறண்ட பெரிய நாடு ஒன்றின் கடலோரக் காயலில் ஒரு கூழைக்கடாப் பறவைக் கூட்டம் வாழ்ந்து வந்தது.

காயல் கடலும் இல்லை, ஏரியும் இல்லை. கடலுக்கும் தரைக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்மேடு. அதற்கு உட்புறம் அடைபட்டுக் கிடக்கும் நீர்தான் காயல். பாதி உப்பு, பாதி நல்ல தண்ணீர். அதில் மீன் உண்டு. ஆனால் பாடுபட்டால்தான் கிடைக்கும்.

கூழைக்கடாவுக்கு நீரில் முங்கி மீன் பிடிக்க வராது. அதனால் அவை ஒரு வழக்கம் வைத்திருந்தன. எல்லாப் பறவைகளும் பிறை மாதிரி வரிசையாக மிதக்கும். தலைவன் குரல் கொடுத்ததும் சிறகால் நீரை அடித்துக்கொண்டே கரையை நோக்கி நகரும். மிரண்ட மீன்கள் ஆழமில்லாத இடத்தில் போய்க் குவியும். அப்புறம் அலகை விட்டு அள்ள வேண்டியதுதான். ஒரு பறவை சோம்பலாக விலகினாலும் போச்சு, அந்த இடைவெளியில் மீனெல்லாம் தப்பிவிடும்.

கூட்டத்தின் தலைவன் பெயர் பேரலகன். நல்ல குரல், நல்ல மனசு, கூடவே கொஞ்சம் தற்பெருமை. அதே கூட்டத்தில் தூவி என்று ஒரு பெண் கூழைக்கடா இருந்தது. அதற்கு எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று கேட்டாக வேண்டும். அலை ஏன் நுரைக்கிறது, நண்டு ஏன் பக்கவாட்டில் நடக்கிறது என்று கேட்டுக் கேட்டு மற்றவர்களின் காதைப் புளிக்க வைத்திருந்தது.

அந்த நாட்டின் நட்டநடுவே ஒரு பெரிய ஏரி இருந்தது. ஏரி என்பது பெயருக்குத்தான். பெரும்பாலான வருஷங்களில் அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. கண் எட்டிய மட்டும் வெள்ளை வெளேரென்று உப்பு பூத்துக் கிடக்கும். எப்போதாவது எங்கோ தொலைவில் பெருமழை கொட்டும். அந்த வெள்ளம் காய்ந்த ஆற்றில் உருண்டு, பாலை மணலையெல்லாம் தாண்டி வந்து ஏரியை நிரப்பும். உடனே காயலில் இருக்கும் கூழைக்கடாக்களுக்கு அது தெரிந்துவிடும்.

அந்த வருஷமும் தெரிந்தது. பேரலகன் கழுத்தை நிமிர்த்தி, "ஏரி நிறைஞ்சிடுச்சு. கிளம்புங்க" என்றது.

"இவ்வளவு தூரத்துல நிறைஞ்சது நமக்கு எப்படித் தெரிஞ்சுது தலைவரே?" என்று கேட்டது தூவி.

"தெரிஞ்சுது. அவ்வளவுதான். நீ சிறகை விரி."

இந்தக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியாது. தெரிந்த கூழைக்கடா யாராவது இருந்தால் அது வெளியே சொல்லவில்லை.

கூட்டம் வறண்ட நிலத்தின் மேல் பறந்தது. வழியில் சின்னச் சின்ன ஏரிகள் வந்தன. சிலவற்றில் தண்ணீர் இருந்தது, இறங்கி இளைப்பாறின. ஒன்றில் வெறும் சேறு. இன்னொன்று தூரத்தில் பளபளத்தது, கிட்டே போனால் உப்பு. ஒவ்வொன்றையும் தூவி வட்டமடித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தது. கடைசியில் பெரிய ஏரி வந்தது. எதிர்க்கரை தெரியாத அளவுக்கு நீர்! ஆறு வந்து கலக்கும் ஆற்று முகத்தின் பக்கம், நீர் சூழ ஒரு தீவு. நரி வர முடியாத இடம்.

தீவில் கூடு வைத்தார்கள், முட்டை இட்டார்கள், குஞ்சு பொரித்தார்கள். தூவிக்கு மொட்டு என்று ஒரு குஞ்சு. பக்கத்துக் கூட்டில் வெள்ளாயி என்ற பறவையும் அதன் குஞ்சும். பேரலகனுக்கும் ஒரு குஞ்சு இருந்தது. அதைப் பேரலகன் தரையில் விடாமல் கொஞ்சியது என்றே சொல்லலாம்.

முதலில் மீன் பிடிப்பது இங்கேயும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஏரி ஆழம், மீன்கள் சிதறிக் கிடந்தன. வரிசை கட்டி, சிறகடித்து, தோள் வலிக்க உழைத்தார்கள். வெயில் காலம் வந்த பிறகு ஒரு நாள் புதுமையான ஒன்று நடந்தது. ஆற்று முகத்தின் பக்கம் வரிசை கட்டி நின்றார்கள். தலைவன் குரல் கொடுக்கும் முன்பே மீன்கள் வந்து காலடியில் மொய்த்தன.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் இன்னும் அதிகம். அலகைத் திறந்தால் போதும், அதன் கீழே தொங்கும் பை நிறைந்தது.

"இனிமே வரிசை எதுக்கு? அவங்கவங்க போய் அள்ளிக்கலாம்" என்றது பேரலகன். "என் காலத்துல மீன் தானா வருது பாருங்க. இந்த மாதிரி எந்தத் தலைவன் காலத்துலயாவது நடந்திருக்கா?"

எல்லாரும் "இல்லை, இல்லை" என்றார்கள். வயிறு நிறைந்திருக்கும்போது அப்படிச் சொல்வதில் யாருக்கும் சிரமம் இல்லை.

தூவி மட்டும் சொல்லவில்லை. நம்மைக் கண்டால் ஓடுகிற மீன் ஏன் நம்மிடமே வருகிறது? இந்தக் கேள்வி அதைத் தூங்கவிடவில்லை. மறுநாள் காலையில் ஒரு கெண்டையை அள்ளியது. கூழைக்கடா மீனை விழுங்குவதற்கு முன் பையிலிருக்கும் நீரை வடித்தாக வேண்டும். அன்று தூவி நீரை வடிக்கவில்லை. பையில் மீனை நீந்தவிட்டபடியே பேச்சுக் கொடுத்தது.

"உன்னை ஒண்ணு கேட்கலாமா?"

"விழுங்கப் போறவங்க கேள்வி வேற கேட்பாங்களா?" என்றது கெண்டை.

"நீ ஏன் ஓடலை?"

"எங்கே ஓடறது?"

"இவ்வளவு பெரிய ஏரி இருக்கே."

கெண்டை சிரித்தது. சிரிக்கிற நிலைமையில் அது இல்லை, ஆனாலும் சிரித்தது. "மேலேருந்து பார்க்கிறவங்களுக்குப் பெரிய ஏரிதான். உள்ளே இருக்கிறவங்களைக் கேளுங்க. தண்ணி வத்திக்கிட்டே வருது. வத்த வத்த உப்பு ஏறுது. நடு ஏரியில மூச்சு விட முடியலை. ஆத்து முகத்துல மட்டும் இன்னும் கொஞ்சம் நல்ல தண்ணி கசியுது. அதனாலதான் எல்லாரும் இங்கே வந்து குவிஞ்சிருக்கோம். எனக்குப் பின்னாடி அங்கே யாரும் இல்லை."

தூவிக்குப் புரிந்தது. மீன் பெருகவில்லை. மிச்சம் இருப்பதெல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. இது தீர்ந்தால் ஏரியே தீர்ந்தது. மொட்டுவுக்கோ இன்னும் பறக்கத் தெரியாது.

"என்னை அந்தக் கசிவு ஓரமா விட்டுட முடியுமா?" என்று கேட்டது கெண்டை.

"விட்டாலும் சில நாள்தானே?"

"சில நாள் எனக்குப் பெரிசு."

தூவி அதை விட்டுவிட்டது. பிறகு நடு ஏரிக்குப் பறந்து போனது. மீன் பொய் சொல்லியிருக்கலாம் அல்லவா? போய் இறங்கியபோது கால் தரையைத் தொட்டது. நீரை வாயில் வைத்துப் பார்த்துத் துப்பியது. சுற்றிலும் செத்த மீன்கள் வயிறு வெளுக்க மிதந்தன.

திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னது. பேரலகன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தது.

"பைக்குள்ள மாட்டின மீன் உயிர் பிழைக்க எதைத்தான் சொல்லாது?"

"அதனாலதான் நானே போய்ப் பார்த்தேன் தலைவரே. நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்க."

"இப்பதான் சாப்பிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம்."

மறுநாளும் அதே பதில்தான். சாப்பிட்டு முடிக்காத நேரம் என்று ஒன்று அப்போது தலைவனுக்கு இல்லவே இல்லை. போதாக்குறைக்கு, "இரை இவ்வளவு இருக்கிறப்ப சும்மா இருக்கலாமா? இன்னொரு முறை முட்டை இடுங்க" என்று அறிவித்தது. பலர் இட்டார்கள்.

தூவி வேறு வேலையைத் தொடங்கியது. மொட்டுவுக்குப் பாதி வயிறுதான் ஊட்டியது. காற்று அடிக்கும் மேட்டில் நிறுத்தி, காலையும் மாலையும் சிறகடிக்க வைத்தது.

"அம்மா, சிறகு வலிக்குது. வெள்ளாயி பெரியம்மா வீட்டுல எந்நேரமும் சாப்பாடு போடறாங்க" என்று அழுதது மொட்டு.

"தெரியும்டா. நீ அடி."

பிள்ளையைப் பட்டினி போடுகிறவள் என்று தீவு முழுக்கப் பேச்சு. தூவிக்கு அது வலித்தது. குஞ்சு பசியோடு தூங்கும்போது அதைவிட அதிகமாக வலித்தது. இருந்தாலும் ஊட்டும் அளவைக் கூட்டவில்லை. மற்ற குஞ்சுகளோ தாயைவிடக் கனத்து, பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றிலும் கொழுத்தது பேரலகனின் குஞ்சு. வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு அதைக் காட்டியது பேரலகன்.

வெள்ளாயி ஒரு நாள், "சரி, உன் நடு ஏரியைக் காட்டு, பார்க்கலாம்" என்று கூட வந்தது. போகும்போது கேலி பேசிக்கொண்டே போனது. அன்று மாலை அதன் குஞ்சும் மேட்டில் நின்று சிறகடித்தது.

ஒரு காலையில் பறவைகள் ஆற்று முகத்துக்குப் போய் அலகைத் திறந்தன. எதுவும் வரவில்லை. நீரைக் கலக்கின. சேறுதான் வந்தது. பழைய வழக்கம் நினைவுக்கு வந்து அவசரமாக வரிசை கட்டின. பேரலகன் முழுக் குரலில் கூவியது. சிறகால் அடித்துக்கொண்டே கரை வரை போனார்கள். வரிசைக்கு முன்னால் ஓட அங்கே ஒரு மீன்கூட இல்லை.

இரண்டு மூன்று நாளிலேயே தீவைச் சுற்றியிருந்த நீர் பின்வாங்கியது. கரையில் நரிகள் வந்து உட்கார்ந்தன. சேறு கொஞ்சம் காயட்டும் என்று அவை காத்திருந்தன.

"கிளம்பணும் தலைவரே" என்றது தூவி.

பேரலகன் தன் குஞ்சின் பக்கம் திரும்பி, "எழும்புடா கண்ணு" என்றது. குஞ்சு சிறகை விரித்து ஓடியது. தடுமாறி விழுந்தது. மறுபடி ஓடியது. அதன் கனத்தை அதன் சிறகால் தூக்க முடியவில்லை. தீவு முழுக்க இதுதான் நடந்தது. முட்டைகளோ கூட்டில் அப்படியே கிடந்தன.

மொட்டு ஒரே ஓட்டத்தில் காற்றில் ஏறியது. வெள்ளாயியின் குஞ்சு எழும்பி, சேற்றில் கால் உரசி, மறுபடி எழும்பி, ஒருவழியாக மேலே வந்தது. வெள்ளாயி அழுதுகொண்டே அதன் பின்னால் பறந்தது. இன்னும் சிலரின் குஞ்சுகள் எப்படியோ தப்பின. மற்றவர்கள் வெகுநேரம் தீவைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கூட்டத்தில் சேர்ந்தார்கள். பேரலகன் மட்டும் தீவில் நின்றது. குஞ்சின் முன்னால் சிறகை விரித்து விரித்து, இப்படி, இப்படி என்று காட்டிக்கொண்டிருந்தது.

வரும்போது இறங்கிய ஏரிகள் இப்போது பெரும்பாலும் காய்ந்திருந்தன. தூவி எல்லாவற்றையும் வட்டமடித்துப் பார்த்து வைத்திருந்ததால், எதில் ஆழம் இருந்தது என்று அதற்குத் தெரியும். அங்கே கூட்டத்தை இறக்கியது. கணுக்கால் அளவு நீர் இருந்தது. அதைக் கொண்டு மறுநாள் காயலுக்கு வந்து சேர்ந்தார்கள். மொட்டு மணல்மேட்டில் விழுந்து அப்படியே தூங்கிப்போனது.

பல நாள் கழித்துப் பேரலகன் வந்தது. எலும்பும் தோலுமாக, தனியாக வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கும் தூவியும் கேட்கவில்லை. பக்கத்தில் போய்ச் சும்மா மிதந்தது.

பேரலகனே பேச்சை எடுத்தது.

"அந்த நடு ஏரிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் தூவி?"

தூவி பொய் சொல்லலாமா என்றுகூட நினைத்தது.

"பக்கம்தான் தலைவரே. சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போடுவீங்களே, அதுக்குள்ள போய்ப் பார்த்துட்டு வந்திருக்கலாம்."

பேரலகன் தலையை அசைத்தது. பிறகு அலகைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டது.

தேடாமலே வாய்க்கு வருகிற இரை ஏன் வருகிறது என்பதை, வயிறு நிறைவதற்கு முன்பே நாம் போய்ப் பார்த்துவிட வேண்டும்.