மீன்கண் விழுந்த பிக்கப்

பெண்களைக் கயல்விழி என்று புகழ்ந்த புலவர் எவரும் பெயிண்ட் பட்டறைக்குள் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அங்கே மீன்கண் என்பது வசவு. அடியில் துளி எண்ணெய் இருந்தாலும் மேலே அடிக்கும் வண்ணம் அதைத் தொடாமல் விலகிவிடும். விலகிய இடத்தில் மிளகளவு குழி ஒன்று வட்டமாக விழித்துப் பார்க்கும்.

திருச்செங்கோட்டுப் புறவழிச்சாலையில் இருக்கும் செங்கோடன் பட்டறைச் சுவரில், போன மாதம் கரித்துண்டால் ஒரு சட்டம் எழுதப்பட்டது: 'மீன்கண் விழவைத்த கை, பட்டறைக்கு வெளியே.' அதை எழுதிய மேஸ்திரி செங்கோடன் சொன்னதை மாற்றிப் பழக்கமில்லாதவர்.

பாவாயி அங்கே பன்னிரண்டு வருடமாகத் தேய்ப்பு வேலை செய்பவள். மஞ்சள் வியாபாரி நாச்சிமுத்துவின் வெள்ளை பிக்கப் வந்தபோது, அதில் நசுங்காத இடத்தைத் தேட வேண்டியிருந்தது. மனைவியின் கல்யாணப் பட்டிலிருந்து ஒரு துண்டை நீட்டி, இதே மயில்கழுத்து நிறம் வேண்டும் என்றார் அவர். ஒன்பது நாள் பாவாயி பழைய வண்ணத்தைச் சுரண்டினாள், பள்ளங்களில் பட்டி பூசினாள், உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்தாள். கண்ணை மூடி உள்ளங்கையை ஓட்டிப் பார்த்து, மேடு தட்டாத பிறகே அடுத்த பக்கம் போனாள்.

பத்தாம் நாள் காலை, தேங்காய் எண்ணெய் மினுங்கும் தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டி முழுவதையும் ஒரே துணியால் துடைத்தாள். கண்ணாடி, விளக்கு, நான்கு சக்கரங்கள் எல்லாவற்றையும் செய்தித்தாளால் மூடி நாடா ஒட்டினாள். ஒவ்வொரு நாடாவின் நுனியையும் சற்று மடித்துவிடுவது அவள் வழக்கம். பிரிக்கும்போது தேட வேண்டாம் பாருங்கள்.

வண்ணம் அடிப்பவன் லிங்கேஸ்வரன். கோயம்புத்தூரில் தொழில் படித்தவன். அதை நாளுக்கு நான்கு முறை சொல்பவன். அன்று துப்பாக்கிக்குக் காற்று தரும் தொட்டியின் அடியில் சேரும் எண்ணெய்த் தண்ணீரை வடிக்க மறந்துவிட்டான். ஆனாலும் மயில்கழுத்து மாசில்லாமல் விழுந்தது.

மேலே பளபளப்புப் பூச்சு அடிக்க இருபது நிமிடம் காய வேண்டும். மேஸ்திரியும் லிங்கேஸ்வரனும் டீக்குப் போனார்கள். பாவாயி பின்கட்டில் வாளி கழுவினாள். மறுநாள் காலை பூஜைக்கு மாலை, எலுமிச்சை, பீய்ச்சும் டயர் பாலிஷ் டப்பா எல்லாம் பையோடு கொண்டு வந்திருந்த நாச்சிமுத்து, "எனக்கு டீ ஆகாதுங்க. நான் இப்படியே பாத்துக்கிட்டு நிக்கிறேன். வண்ணத்து மேல கைய வெக்க மாட்டேன்" என்றார்.

திரும்பி வந்த லிங்கேஸ்வரன் பின்கதவில் தொடங்கி, வலப்பக்கம் வழியாகப் பானெட்டுக்கு வந்து, இடப்பக்கக் கதவில் முடித்தான். வண்ணத் துப்பாக்கியை இறக்கியவன் குனிந்து பார்த்தான். இடப்பக்க முன்சக்கரத்துக்கு மேலே, பானெட்டின் ஓரம்வரை, முப்பது நாற்பது மீன்கண்கள். மற்ற இடமெல்லாம் கண்ணாடிபோல் வழவழப்பு.

மேஸ்திரி சுவரைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க மேஸ்திரி. எண்ணெய்த் தலையோட இங்க நடமாடறது யாருன்னு ஊருக்கே தெரியும்" என்றான் லிங்கேஸ்வரன்.

"தொட்டித் தண்ணிய வடிச்சியா தம்பி?" என்றாள் பாவாயி.

அவன் முகம் சுருங்கியது. "பேச்ச மாத்தாதக்கா. நாங்க டீக்குப் போனப்ப நீ எங்க இருந்த?"

"பின்னாடி வாளி கழுவிட்டிருந்தேன்."

"யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடக் கை ஒரு வரிச் சட்டத்தில் வெளியே போய்விடும்போல் இருந்தது.

"விடுங்க, ஏழை பொம்பள" என்று இரங்கினார் நாச்சிமுத்து. கறுத்து மினுங்கிய கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"காகிதத்தப் பிரி பாவாயி. அப்பறம் பேசிக்கலாம்" என்றார் மேஸ்திரி. அந்த 'அப்பறம்' அவளுக்குப் பிடிக்கவில்லை.

குனிந்தாள். மூன்று சக்கரங்களில் நாடா தொட்டவுடன் வந்தது. இடப்பக்க முன்சக்கரத்தில் மட்டும் நுனியை நகத்தால் தேட வேண்டியிருந்தது. தேடியவள் அப்படியே நிமிர்ந்தாள்.

வாசகரே, நாமும் இங்கே நிற்போம். தலை எண்ணெய், தொட்டி எண்ணெய் என்று இரண்டு வழக்குகள் முன்னால் இருக்கின்றன. சுவரில் உள்ள சட்டப்படி வெளியே போக வேண்டிய கை எது?

விடை: தொட்டி எண்ணெய் கக்கியிருந்தால், கடைசியாக அடித்த இடக்கதவும் கெட்டிருக்கும். பாவாயியின் தலை எண்ணெய் அவள் துணியில் ஒட்டியிருந்தால், துடைத்தபின் முதலில் விழுந்த மயில்கழுத்திலேயே குழி தெரிந்திருக்கும். ஆகவே எண்ணெய் வந்தது அந்த இருபது நிமிடத்தில். பாவாயி மூடிய காகிதத்தில் நுனி மடியாமல் இராது. அந்தச் சக்கரத்தை வேறொருவர் பிரித்து, மறுபடி ஒட்டியிருக்கிறார். உள்ளே டயர் ஒன்று மட்டும் புது மாப்பிள்ளைபோல் கறுத்து மின்னியது. பூஜைக்கு அழகு பார்க்க ஆசைப்பட்டு நாச்சிமுத்து பீய்ச்சிய எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷ்தான் மேலே படிந்திருந்தது. வண்ணத்தின் மேல் கை வைக்க மாட்டேன் என்ற வாக்கை அவர் மீறவே இல்லை.

செங்கோடன் சட்டத்தையும் மாற்றவில்லை. நாச்சிமுத்துவைப் பணிவாக வாசலுக்கு வெளியே ஒரு முக்காலியில் உட்காரவைத்தார். பூஜை அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போனது. பூச்சு இறுகியபின் அந்த இடத்தை மறுபடி தேய்க்க உப்புத்தாளை எடுத்தவன், யாரும் சொல்லாமலே, லிங்கேஸ்வரன்.

பாவாயி பக்கத்தில் நின்று பார்த்தாள். "தண்ணி பத்தல தம்பி" என்றாள்.